தரையில் வைக்காத விளக்கு

பூசணம் என்றால் ஊரில் எல்லோருக்கும் அருவருப்பு. ஊறுகாய் ஜாடியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஜாடியோடு தூக்கிக் குப்பையில் போடுகிறவர்கள் நாம். எனக்கோ அந்தப் பூசணம்தான் சோறு போட்டது. வெம்பாக்கத்துப் பக்கம் கூரை வீட்டில் பிறந்து, எங்கள் தெருவிலேயே முதலில் காலேஜ் வாசலை மிதித்தவளுக்கு, ஒரு மச்சு வீட்டையும் அதுதான் கட்டிக் கொடுத்தது. "வீட்ல என்ன வேலை பாக்கறாங்க?" என்று யாராவது என் வீட்டுக்காரரைக் கேட்டால், "பூசணம் வளக்கறாங்க" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் முறைப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஆலைப் பக்கம் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆயுத பூஜைக்கு வந்தே தீர வேண்டும் என்று செய்யாறு ஆலைப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள், போனேன். அங்கே நான் போட்ட கூச்சலைக் கேட்டவர்கள், "மேடம், அன்னிக்கு ஏன் அப்படிப் பதறினீங்க?" என்று இன்னும் போன் போட்டுக் கேட்கிறார்கள். ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. ஆரணியில் இருந்த எங்கள் பழைய கொட்டகையிலிருந்து தொடங்கினால்தான் அது புரியும்.

தொண்ணூறுகளில் ஆரணியில் எந்தத் தெருவில் நடந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். ஆனால் பட்டு நூல் தறிக்குப் போவதற்கு முன்னால் அதன் மேல் ஒட்டியிருக்கும் பசை போக வேண்டும். சாயப்பட்டறைகளில் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வேகவைப்பார்கள். கொஞ்சம் அதிகமாக வெந்தாலும் நூல் நைந்துபோகும். அதே பசையைக் கை பொறுக்கும் சூட்டிலேயே கரைத்துவிடும் ஒரு நொதியைச் செய்து பட்டறைகளுக்கு விற்ற சின்னக் கம்பெனி எங்களுடையது. நொதியைச் சுரப்பது ஒரு பூஞ்சை. அவித்த கோதுமைத் தவிட்டைத் தட்டுகளில் பரப்பி, விதை தூவி, அறைக்குள் அடுக்கி வைத்தால் பூஞ்சை படரும். பிறகு தவிட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் நொதி வரும். அந்த அறைக்கு நாங்கள் வைத்த பெயர் தவிட்டு ரூம்.

அது ஒரு காலத்தில் தறிக்கொட்டகை. தறிகள் போனபிறகும் தரையில் தறிக்குழிகள் அப்படியே இருந்தன. உட்கார்ந்து நெய்கிறவர் காலைத் தொங்கப்போடத் தோண்டிய குழிகள். இரண்டை வெட்டி ஒன்றாக்கி, இடுப்பளவு ஆழப்படுத்தி, அதில் தண்ணீர் தேக்கி வைத்திருந்தோம். தவிடு காயாமல் அறையில் ஈரம் இருக்க வேண்டும் என்பதற்காக.

கெமிஸ்ட்ரி பட்டத்தோடு சேர்ந்த எனக்குப் பூஞ்சையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சொல்லிக் கொடுத்தவர் எங்கள் மேனேஜர் பத்மநாபன் சார். சொல்லிக் கொடுத்தார் என்பதைவிடக் காட்டினார் என்பதுதான் சரி. முதல் வாரம் இரண்டு குடுவைகளை என் முன்னால் வைத்தார். ஒரே கரைசல், ஒரே விதை. ஒன்று அசையாமல் இருந்தது, அதில் பூஞ்சை பாலாடை போல மேலே மட்டும் படர்ந்திருந்தது. இன்னொன்று குலுக்கும் மெஷினில் ஆடிக்கொண்டே வளர்ந்தது, அதில் ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாக மிதந்தது. பெரிய உருண்டை ஒன்றை எடுத்து பிளேடால் வெட்டச் சொன்னார். வெட்டினேன். வெளியே வெள்ளை, உள்ளே பழுப்பாகக் குழைந்து கிடந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏன்?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவருடைய ஆயுதம். யாரையும் திட்ட மாட்டார். 'ஏன்?' என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். பதில் வரும்வரை நகர மாட்டார். இரண்டு அடி அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும்.

"உள்ள காத்து போகல சார்" என்றேன் கடைசியில்.

"அதுக்கும் மூச்சு இருக்குதும்மா" என்றார். அவ்வளவுதான் பாடம்.

மீதியைத் தட்டுகளிடமிருந்து கற்றுக்கொண்டேன். தவிட்டைத் தடிமனாகப் பரப்பினால் நடுவில் காற்று போகாது, சூடேறிப் புளித்த வாடை அடிக்கும். காற்று ரொம்ப வீசினால் தவிடு காய்ந்து பூஞ்சை அவசரமாக வித்து விட்டுப் பச்சையாகிவிடும். அதைவிடப் பொல்லாதது காற்று பாதிக்குப் பாதி குறைவது. பூஞ்சை செத்துப்போகாது, வெள்ளையாகப் படர்ந்துகொண்டுதான் இருக்கும். நொதியை மட்டும் சுரக்காது. மூச்சு வாங்குகிறவன் நடந்து போவான், பாடச் சொன்னால் பாட மாட்டான், அந்த மாதிரி.

சாரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. காலையில் தவிட்டு ரூமுக்குள் யாரும் போவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்காருவார். ஓர் அகல் விளக்கில் நல்லெண்ணெய் ஊற்றித் திரியை ஏற்றுவார். நுனியில் வளையம் வைத்த நீளமான இரும்புக் கம்பி ஒன்று வைத்திருந்தார். அகலை அந்த வளையத்தில் உட்காரவைத்து, தரையை ஒட்டியே மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டு போய், குழிக்குள் இறக்குவார். சுடரையே பார்த்தபடி இருப்பார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். பிறகு விளக்கை வெளியே எடுத்து வைத்துவிட்டு, "போங்க" என்பார். அதற்குப் பிறகுதான் நாங்கள் உள்ளே போவோம்.

எங்களுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. படித்த மனுஷர், பெரிய பதவி, இருந்தும் தொழில் செய்கிற இடத்தைக் கும்பிட்டுவிட்டுத்தானே தொடங்குகிறார் என்று பேசிக்கொள்வோம். பெண்கள் சிலர் அந்த நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

தவிட்டு ரூமுக்குப் பொறுப்பு தனகோட்டி அண்ணன். தலைமுறையாகப் பட்டு நெய்த குடும்பம். அவருடைய மனைவி கஸ்தூரியும் அங்கேதான் தட்டு அடுக்கும் வேலை பார்த்தாள். ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் வருவார்கள், ஒரே தூக்கில் சாப்பிடுவார்கள், நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொள்வார்கள். தவிட்டில் ஈரம் சரியா என்று அண்ணன் ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்த்துச் சொன்னால் மெஷின் வைத்துப் பார்த்தாலும் மாறாது.

அந்த வருஷம் ஆனி மாசத்திலேயே ஆடிக் காற்று பேயாக அடித்தது. அதே நேரம் சார் மகளுடைய கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். தட்டுகள் காய்ந்து வரிசையாகப் பச்சை அடித்தன. தனகோட்டி அண்ணனுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

நெய்கிறவர்கள் வீட்டில் காற்று எதிரி. தறியில் பாவு நூலை விரித்திருக்கும்போது வெயில் கொளுத்தினாலும் ஃபேன் போட மாட்டார்கள், சன்னலைத் திறக்க மாட்டார்கள். இழை காய்ந்து பட் பட்டென்று அறுந்துவிடும். ஆடி மாசத்தில் சன்னலுக்கு நனைத்த சாக்கைக் கட்டிவிட்டு உள்ளே நெய்வார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவர் அண்ணன். தவிட்டு ரூமின் வென்டிலேட்டர்கள் எல்லாவற்றிலும் நனைத்த சாக்கை நெருக்கி அடைத்தார். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினார். கதவிடுக்கில் துணி திணித்தார். குழியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கஸ்தூரியிடம் ஒப்படைத்தார்.

விளக்கையும் விடவில்லை. சார் இல்லையென்று ஏற்றாமல் இருக்கலாமா? தினமும் குளித்துவிட்டு வந்து அவரே ஏற்றினார். ஆனால் ஒரு விஷயம் அவரை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. விளக்கை யாராவது வெறும் தரையில் வைப்பார்களா? அதுவும் குழிக்குள் இறக்குவார்களா? பெரியவரிடம் சொல்ல முடியாமல் பொறுத்திருந்தவர், இப்போது அதை மரியாதையாகச் சுவரில் இருந்த மாடத்தில், தலைக்கு மேல் உயரத்தில் வைத்தார். பொட்டு வைத்துப் பூவும் போட்டார். பார்க்க அழகாகவே இருந்தது.

அந்தத் தவிட்டு ஈடு எடுத்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஒரு பச்சைப் புள்ளி இல்லை. தட்டுக்குத் தட்டு பசை எடுத்த பட்டு மாதிரி பளீரென்று வெள்ளை.

"எப்டி மேடம்? சார் வரட்டும், அப்டியே அசந்து பூடுவாரு!" என்று அண்ணன் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு லேபுக்கே வந்துவிட்டார்.

எனக்கும் சந்தோஷம்தான். வழக்கம்போல ஒரு பிடி ஊறவைத்துப் பிழிந்து, சாற்றைப் பால் பவுடர் கரைத்த கண்ணாடிக் குழாயில் விட்டேன். நொதி இருந்தால் பால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, குழாய்க்கு அந்தப் பக்கம் வைத்த எழுத்து தெரிய ஆரம்பிக்கும். தெரியவில்லை. காத்திருந்தேன். பால் பாலாகவே இருந்தது. சூடு சரியில்லையோ என்று மறுபடி செய்தேன். அதே கதை. இவ்வளவு வெள்ளையில் ஒன்றுமே இல்லையா?

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"சும்மா சொல்லாதீங்க மேடம். ஒங்க பால் பவுடர்தான் கெட்டுப் பூட்டிருக்கும்."

"இல்லண்ணா, காத்து இல்லாம மூச்சு முட்டி வளந்திருக்குது. சாக்கை எடுத்துடுங்க."

"எடுத்தா உள்ள இருக்கற அடுத்த ஈடும் காஞ்சி பூடும். அப்பறம் பச்ச அடிச்சிச்சினு நீங்களே திட்டுவீங்க. பேஜார் பண்ணாதீங்க. சார் வரட்டும், அவரு சொல்லட்டும்."

மறுநாள் காலை லேபில் இருந்தபோது அவருடைய குரல் கேட்டது. "கஸ்தூரி! ஏய் கஸ்தூரி! தண்ணி ஊத்த இவ்ளோ நேரமா?" வழக்கமான சண்டை என்று நினைத்தேன். அடுத்து கேட்டது சண்டைக் குரல் இல்லை.

ஓடினேன். தவிட்டு ரூம் கதவு திறந்திருந்தது. மாடத்தில் விளக்கு ஆடாமல் அசையாமல் அவ்வளவு அழகாக எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே குழிக்குள் கஸ்தூரி மடங்கிக் கிடந்தாள். தண்ணீர் முழங்காலளவுகூட இல்லை, தலை குழியின் சுவரில் சாய்ந்திருந்ததால் முகம் நனையவில்லை. குடம் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. வழுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அண்ணன் குழியோரம் மண்டி போட்டு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் தலை தொங்கி, யாரோ பின்னாலிருந்து தள்ளியது போலக் குழிக்குள் சரிந்தார்.

நானும் இரண்டு எட்டு உள்ளே வைத்துவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, மூச்சு இழுக்க இழுக்கப் போதவில்லை, மூக்கில் சோடா குடித்த மாதிரி ஒரு சுருக்கு. அந்தச் சுருக்குதான் என்னைக் காப்பாற்றியது. பிளேடால் வெட்டிய அந்த உருண்டை ஏனோ கண் முன்னால் வந்தது. வெளியே வெள்ளை, உள்ளே பழுப்பு. பூஞ்சை மூச்சு விடுகிறது என்றால் விட்ட மூச்சு எங்கே போகும்? காற்றைவிடக் கனமான கரியமில வாயு பள்ளத்தில்தானே போய்த் தேங்கும்? படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். இங்கே வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்!

வெளியே பாய்ந்து, "யாரும் உள்ள போவாதீங்க!" என்று கத்தினேன். சுவிட்ச் வெளியேதான் இருந்தது. ஃபேனைப் போட்டேன். "சாக்கை இழுங்க! ஜல்தி, ஜல்தி!" பாய்லர் பார்க்கிற மணியும் வாட்ச்மேனும் மூங்கில் கழியால் சாக்குகளைக் குத்தித் தள்ளினார்கள். அதுவரை எங்கள் எதிரியாக இருந்த ஆடிக் காற்று ஊளையிட்டுக்கொண்டு உள்ளே புகுந்தது. மணி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கி, முதலில் கஸ்தூரியை, பிறகு அண்ணனைத் தூக்கிக் கொடுத்தான். அத்தனையும் நடக்கும்போது மாடத்தில் அந்த விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. உள்ளே புகுந்த காற்றில்தான் அது கடைசியில் அணைந்தது.

அண்ணனுக்கு வெளியே வந்ததுமே மூச்சு திரும்பிவிட்டது. கஸ்தூரிக்கு ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தும் நினைவு வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. வராந்தாவில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்த அண்ணன் அழவில்லை. என்னையே பார்த்து ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

"வெளக்கு எரிஞ்சிகினுதானே மேடம் இருந்துச்சு?"

"எரிஞ்சதுண்ணா."

"நல்லாத்தானே எரிஞ்சிகினு இருந்துச்சு? அப்பறம் எப்டி மேடம் ஆவும்?"

சாயந்தரம் நர்ஸ் வந்து கூப்பிட்டாள். கஸ்தூரி கண்ணைத் திறந்து, "கொடம் எங்க?" என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் எழுந்தார். நாலு எட்டு நடந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அழுதார்.

செய்தி கேட்டு சார் கல்யாண மஞ்சள்கூடக் கலையாத வீட்டை விட்டு ஓடிவந்தார். வந்ததும் நேராகத் தவிட்டு ரூமுக்குப் போய், மாடத்தில் இருந்த அகலையும் காய்ந்த பூவையும் பார்த்தபடி நின்றார்.

"இதை ஏன் மேல வச்சீங்க?" என்றார். அந்த 'ஏன்'. தனகோட்டி அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சாமி வெளக்க தரையில வைக்கலாமா சார்? மரியாதயாத்தானே வச்சேன்."

சார் அகலை விட்டு அவர் பக்கம் திரும்பினார். "சாமி விளக்கா?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க தினம் சாமி கும்பிடறீங்கனுதானே சார் நாங்க எல்லாரும் நெனச்சோம். வாய்க்குள்ள மந்திரம் சொல்லுவீங்களே" என்றேன்.

அவர் குழியோரத் தரையில் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். "நான் சாமி கும்பிட்டதே இல்லையேம்மா" என்றார். "எனக்கு நம்பிக்கையே கிடையாது. சுடர் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு எண்ணிட்டு இருந்தேன். கீழ காத்து கெட்டிருந்தா விளக்கு அணையும். அணைஞ்சா யாரையும் உள்ள விடக்கூடாது. அதுக்குத்தான்…" பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். "நான் யார்கிட்டயுமே சொல்லலையா?"

"சொல்லல சார்" என்றேன். எங்களை எல்லாம் 'ஏன்? ஏன்?' என்று குடைந்தெடுத்த மனுஷரை, 'இந்த விளக்கு ஏன்?' என்று அத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கும்பிடுகிறவரிடம் போய் யார் காரணம் கேட்பார்கள்? எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தபோது திட்டவும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு குழியை மண் போட்டு மூடினார்கள். முதல் கூடையைக் கொட்டியவர் அண்ணன்தான். சாக்கை அவர் கைவிடவில்லை. வென்டிலேட்டரை அடைக்காமல், காற்று அதன் வழியாக வடிகட்டி வரும்படி தளர்வாகத் தொங்கவிட்டு, எதிர்ப்பக்கம் ஃபேனை ஓடவிட்டார். காற்றும் வந்தது, ஈரமும் நின்றது. தட்டுகள் முன்னைப்போல அவ்வளவு வெள்ளையாக இல்லை. ஆனால் பால் தெளிகிற வேகத்தைப் பார்த்து நானே ஆச்சரியப்பட்டேன். கஸ்தூரி திரும்ப வேலைக்கு வந்தாள். ரூமுக்குள் மட்டும் வர மாட்டேன் என்றுவிட்டாள். பொட்டலம் கட்டும் பக்கம் போனாள், அங்கிருந்தபடியே புருஷனோடு சண்டை போட்டாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பெனி வளர்ந்து செய்யாறு தொழிற்பேட்டைக்குப் போனது. தட்டுகள் போய்ப் பெரிய தொட்டிகள் வந்தன. அடியிலிருந்து தவிட்டுக்குள் காற்றை ஊதும் புளோயர் வந்தது. கதவு நிலையில், முட்டி உயரத்தில் கரியமில வாயுவை முகர்ந்து பார்க்கும் ஒரு மீட்டர் வைத்தார்கள். சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக அது காற்றை முகரும். அளவு ஏறினால் சிவப்பு விளக்கு எரிந்து அலறும். தாழ்வாகத்தான் வைக்க வேண்டும் என்று சண்டை போட்டு வைக்கச் செய்தவள் நான். அந்த அலறலைக் கேட்காமலேயே ஓய்வும் பெற்றேன்.

ஆயுத பூஜை அன்று நான் போய் இறங்கியபோது ஆலையே மணத்தது. வாழைக்கன்று, மாவிலை, பொரி, கடலை. மெஷின்களைக் கழுவித் துடைத்து, எல்லாவற்றுக்கும் பொட்டு. வாசலில் நாதஸ்வரம் தவிர வேறு ஓசையே இல்லை. "எல்லா மெஷினுக்கும் இன்னிக்கு ரெஸ்ட் மேடம்" என்றாள் பிரியா. தவிட்டு ரூமுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. கெட்டிக்காரி.

"புளோயருக்குமா?"

"ஆமா மேடம், காலையிலயே நிறுத்திட்டோம்."

"தொட்டியில தவிடு இருக்குதா?"

"இருக்குது மேடம், நாளைக்குத்தான் எடுக்கணும். பயப்படாதீங்க, மீட்டர் பச்சையிலதான் இருக்குது, பாத்துகினுதான் இருக்கோம்" என்றபடி கற்பூரத் தட்டோடு கதவைத் தள்ளிக்கொண்டு காலை எடுத்து வைத்தாள்.

நான் மீட்டரைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அதன் ஓட்டைகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. குழைத்த சந்தனத்தை அகலமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே சாமந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். பார்க்க அழகாகவே இருந்தது.

"பிரியா, நில்லு!" என்று நான் கத்தியதில் நாதஸ்வரக்காரரே நிறுத்திவிட்டார். அவள் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். சரத்தைப் பிய்த்துப் போட்டு, பட்டுப் புடவை என்றும் பார்க்காமல் முந்தானையால் அந்தச் சந்தனத்தைத் துடைத்தேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எண் மாறியது. மாறிக்கொண்டே மேலே போனது. பச்சை போய்ச் சிவப்பு வந்து, மீட்டர் அலற ஆரம்பித்தது.

பிரியா தட்டைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"நாங்க மரியாதயாத்தானே மேடம் வச்சோம்?" என்றாள்.

தனகோட்டி அண்ணனும் அன்றைக்கு இதையேதான் சொன்னார்.